தொங்கும் தள்ளுகதவு தானா நகர்ந்து ஒரே இடத்தில் நிற்குது, ரோலர் மாத்தியும் தீரலை

ஜன்னலோரம் எழுதியது:

ஹாலுக்கும் படிப்பறைக்கும் நடுவில் மேலே டிராக்கில் தொங்கும் தள்ளுகதவு போட்டு ஒரு வருஷம் ஆகுது. மரக்கதவு, 35 மி.மீ. கனம், 900 அகலம், 2100 உயரம். வாசலுக்கு மேலே சுவரில் ஒரு மரச்சட்டம் பொருத்தி, அதன் அடியில் 1800 மி.மீ. நீள அலுமினிய டிராக்கை முடுக்கியிருக்காங்க. பெட்டி மாதிரி மூடின டிராக், அடியில் மட்டும் ஒரு கீறல். உள்ளே இரண்டு ரோலர் ஓடுது. ஒவ்வொன்றிலும் நாலு நைலான் சக்கரம், சக்கரத்துக்குள் பேரிங்.

முதல் ஆறு மாசம் ஒரு விரலால் தள்ளினால் போதும். அப்புறம் கரகரன்னு சத்தம் ஆரம்பிச்சுது. டிராக்குக்குள் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இரண்டு வாரம் அமைதி, பிறகு முன்னைவிட மோசம். பேரிங் போச்சுன்னு முடிவு பண்ணி இரண்டு ரோலரையும் புதுசா மாத்தினேன். அந்தச் சந்தோஷம் நாலு நாள்தான்.

இப்போ இன்னொரு கூத்து. முழுசா திறந்து விட்டா கதவு தானா கொஞ்சம் திரும்பி வருது. பாதியில் விட்டா தானா திறக்குது. எங்கே விட்டாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒண்ணுதான்: முழுசா திறந்த நிலைக்கு ஒரு சாண் முன்னாடி. ராத்திரி பார்த்தா யாரோ தள்ளுற மாதிரியே இருக்கு. என் பொண்ணு அந்த அறையில் தனியா உட்கார மாட்டேங்கிறா.

கழற்றின பழைய ரோலரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சுவர்ப்பக்கத்து இரண்டு சக்கரமும் தேய்ந்து பளபளன்னு இருக்கு. அறைப்பக்கத்து இரண்டிலும் அச்சில் வார்த்த கோடுகூட அழியலை. சக்கரத்தின் தரம் சரியில்லையோ என்னவோ.

இன்னும் பெரிய பேரிங் உள்ள ரோலர் வாங்கவா? நடுவில் மூணாவது ரோலர் ஒண்ணு சேர்க்கவா? இல்லை, தொங்குற கதையே வேண்டாம்னு தரையில் ரெயில் பதிச்சிடவா?


எட்டுக்கால் எழுதியது:

கனமான கதவு, அதான். 100 கிலோ தாங்குற ரோலரா போடுங்க. டிராக் முழுக்க கிரீஸ் தடவி விடுங்க, வழுக்கிக்கிட்டு ஓடும்.


இழைப்புளி எழுதியது:

கிரீஸ் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுறேன். டிராக் வழுக்குறதுக்கு இல்லை, சக்கரம் உருளுறதுக்கு. எண்ணெயோ கிரீஸோ போட்டா வீட்டுத் தூசி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆயிடும். தம்பிக்கு இரண்டு வாரம் கழிச்சு சத்தம் கூடினது அதனாலதான். முதல்ல துணியில் சோப்புத் தண்ணி தொட்டு டிராக்கை உள்ளே துடைச்சு, காய விடுங்க.

ஜன்னலோரம் தம்பி, முப்பது வருஷமா கதவு மாட்டுறவன் சொல்றேன். உங்க ரோலர் மேல தப்பே இல்லை. விடையை நீங்களே எழுதிட்டு, கேள்வியை வேற இடத்தில் கேட்டிருக்கீங்க.

எடையைப் பார்த்துடுவோம். 2.1, 0.9, 0.035 மூணையும் பெருக்கினா 0.066 கன மீட்டர். தேக்கு மாதிரி மரம்னா கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. கதவு 43 கிலோ வருது, கைப்பிடி, பூட்டோட 45ன்னு வைச்சுக்குங்க. எட்டு சக்கரம் பகிர்ந்துக்கிட்டா ஆளுக்கு ஆறு கிலோகூட இல்லை. சின்ன பேரிங்னு நாம நினைக்கிற 608, அதாவது 8 மி.மீ. துளை, 22 வெளிவிட்டம், 7 அகலம், அதுவே அசையாம நிற்கிற பாரம்னா நூறு கிலோவுக்கு மேல தாங்கும். வீட்டுக் கதவில் பேரிங் பாரத்தால சாகுறது ரொம்ப அபூர்வம். தூசி, துரு, கோணலா இழுக்கிற இழுப்பு, ஸ்டாப்பர் இல்லாம முனையில் போய் மோதுற மோதல், இதுங்கதான் கொல்லும்.

மூணாவது ரோலர் ஆசை எல்லாருக்கும் வரும். கதவு வளையாது. டிராக் நூல் பிடிச்ச மாதிரி நேரா இல்லைன்னா, பள்ளத்தில் நடு ரோலர் சும்மா அந்தரத்தில் நிற்கும், மேட்டில் அது ஒண்ணே மொத்த பாரத்தையும் வாங்கும். ரெண்டு ரோலர்னா எப்பவும் ரெண்டும் வேலை செய்யும்.

இப்போ நீங்க எழுதின தடயத்துக்கு வருவோம். கதவு எப்பவும் ஒரே முனைக்கு ஓடினா டிராக் ஒரு பக்கமா சரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே இடத்தில் நின்னா அங்கே பள்ளம். பேய் இல்லை, பள்ளம். பாப்பாகிட்ட சொல்லுங்க.

அப்புறம் அந்தப் பளபளப்பு. தரம் குறைஞ்ச சக்கரம்னா நாலும்தானே தேயணும்? சுவர்ப்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்குன்னா, டிராக் படுத்துக்கிட்டிருக்கு. சட்டத்தோட மேல் விளிம்பு சுவரை விட்டு வெளியே வந்து, அறைப்பக்கம் தாழ்ந்திருக்கும். டிராக் அப்படித் திரும்பும்போது கதவோட அடி சுவரைப் பார்த்துப் போகும். டிராக் ஒரு டிகிரி திரும்பினாலே கதவோட நடு, அதாவது ஒரு மீட்டர் கீழே, 17, 18 மி.மீ. தள்ளிப் போயிடும். ரோலரோட அகலமே அவ்வளவுதான். அப்போ பாரம் முழுக்க சுவர்ப்பக்கச் சக்கரத்து மேல, மத்த ரெண்டும் வேடிக்கை பார்க்கும். தரையில் கதவு ஆடாம பிடிச்சிருக்கிற கைடையும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கும்.

ஆறு மாசம் நல்லா ஓடிச்சுன்னீங்க. அதுவும் பொருந்துது. திறந்த கதவு எங்கே தொங்குது? வாசலுக்கு மேல இல்லை, பக்கத்துச் சுவர் மேல. வாசலுக்கு மேல சுவர்ப் பாரத்தைத் தாங்குற காங்கிரீட் விட்டம், அதாவது லிண்டல் இருக்கும், அங்கே அடிச்ச திருகு அசையாது. லிண்டல் வாசலைத் தாண்டி அரை அடி போனா பெரிசு. அதுக்கப்புறம் செங்கல். வீடு முழுக்க லிண்டல் பட்டை ஓடினா வேற கதை. படிப்பறைக் கதவு நாள் பூரா திறந்துதானே கிடக்கும்? 45 கிலோவும் செங்கல் பக்கத்துத் திருகுலதான் தொங்கிக்கிட்டிருக்கு. அதில் ஒண்ணு ரெண்டு, கல்லுல இறங்காம, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற சிமெண்டுக் கலவைச் சந்துல இறங்கியிருக்கும்.

ரெண்டு சோதனை சொல்றேன், பத்து நிமிஷ வேலை. சட்டத்தோட மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு தாளை நுழைச்சுக்கிட்டே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போங்க. அடுத்தது, டிராக்கோட அடி விளிம்பில் ரெண்டு முனையிலும் 5 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு சில்லு வைச்சு, அதன் மேல விறைப்பா நூல் இழுத்துக் கட்டுங்க. நூலுக்கும் டிராக்குக்கும் உள்ள இடைவெளியை ஒரு சாணுக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்க. ரசமட்டம் வேண்டாம். ஒரு அடி நீள மட்டத்தில் இந்தப் பள்ளம் முழுசா தெரியாது, நூலில் தெரியும்.

தரை ரெயில் கேட்டீங்க. மேலே தாங்க வழியே இல்லைன்னாதான் அது. கால் இடறும், கூட்டுற குப்பை எல்லாம் அதில்தான் போய்ச் சேரும்.


சுழல்விசிறி எழுதியது:

இழைப்புளி அண்ணன் சொல்றது சரிதான், ஆனா பேரிங்கை அப்படியே விட்டுடவும் கூடாது. நான் கழற்றி பெட்ரோலில் ஊற வைச்சுக் கழுவி ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவேன். கையில் வைச்சுச் சுண்டினா விசிறி மாதிரி சுத்தும். புதுசுகூட அப்படிச் சுத்தாது.


இழைப்புளி எழுதியது:

புதுசு அப்படிச் சுத்தாததுதான் நல்லது. உள்ளே கம்பெனி போட்ட கிரீஸ் இருக்கு, அது கொஞ்சம் பிடிக்கும். நீங்க அதைக் கழுவி விட்டுட்டதால வெறுங்குண்டு ஓடுது. சுத்தும், கிலுகிலுன்னு சத்தமும் வரும், ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிடும். சுண்டிப் பார்க்காதீங்க. உள்வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கிட்டு மெதுவா திருப்புங்க. வெண்ணெய் மாதிரி போனா நல்ல பேரிங். மணல் நெரிபடுற மாதிரி விரலுக்குத் தெரிஞ்சா போச்சு.

பேரிங் மேல எண்ணுக்குப் பின்னாடி இசட் இசட்னு இருந்தா ரெண்டு பக்கமும் தகரமூடி, உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி இருக்கும். 2 ஆர்எஸ்னா ரப்பர் மூடி, தொட்டுக்கிட்டே சுத்தும், கொஞ்சம் கனமா இருக்கும், ஆனா ஈரமும் தூசியும் உள்ளே போகாது. வீட்டுக்குள்ள மூடின டிராக்குன்னா தகரமூடி போதும். குளியலறைக்கும் வெளிவாசலுக்கும் நான் ரப்பர் மூடிதான் கேட்டு வாங்குவேன்.


ஜன்னலோரம் எழுதியது:

அண்ணா, தாள் இல்லை, என் பழைய அடையாள அட்டையே நுழைஞ்சுது!

வாசலுக்கு மேல தாள் நுழையவே இல்லை. வாசல் முடிஞ்சு ஒரு முழம் தாண்டினதும் நுழைய ஆரம்பிச்சுது. நாலாவது திருகு இருக்கிற இடத்தில் அட்டை. அந்தத் திருகை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிப் பார்த்தேன், சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. விரலால் இழுத்தேன், திருகு பிடிக்க ஓட்டையில் சொருகின பிளக்கோட கையில் வந்துடுச்சு. பிளக் முழுக்க மணலும் சிமெண்டும். செங்கல் பொடி ஒரு துளிகூட இல்லை.

நூல் அளவு முனையிலிருந்து வரிசையா: 5, 5, 5, 4, 3, 2, 2, 4, 5. அந்த ரெண்டு 2 வர்ற இடம்தான் கதவு போய் நிற்கிற இடத்தில் பின்ரோலர் இருக்கிற இடம். கைடும் நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் மட்டும் சீவின மாதிரி இருக்கு.

சட்டம் 75 மி.மீ. உயரம். திருகு எல்லாம் அடியிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் இருக்கு. சுவர் நாலரை இஞ்ச், மறுபக்கம் அலமாரிக்குப் பின்னாடி. எப்படிச் சரி பண்றது?


இழைப்புளி எழுதியது:

திருகு அடியிலிருந்து 25ல்தானா? அப்போ கலவைச் சந்து மட்டும் குற்றவாளி இல்லை.

சட்டம் அதோட கீழ் விளிம்பைக் கீல் மாதிரி வைச்சுக்கிட்டுத்தான் வெளியே சாயும். கதவோட நடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கு? 40 மி.மீ. இருக்கும்னு வைச்சுக்கிறேன். ஒரு ரோலர் மேல 22.5 கிலோ. 22.5ஐ 40ஆல் பெருக்கி 25ஆல் வகுங்க, திருகைச் சுவரிலிருந்து பிடுங்குற இழுப்பு 36 கிலோ. அதே திருகு 60 மி.மீ. உயரத்தில் இருந்திருந்தா 15 கிலோதான். அதே கதவு, அதே சட்டம், ஓட்டை போட்ட இடம் மட்டும் வேற. மாட்டினவர் ஏணியில் எட்டின இடத்தில் போட்டுட்டார் போல. நானும் சின்ன வயசுல போட்டிருக்கேன், சொல்றதுக்கு என்ன.

மறுபக்கம் அலமாரி மறைக்குதுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். செங்கல் பக்கத்தில் பிளக்கே வேண்டாம். சுவரை ஊடுருவி மூணு 10 மி.மீ. போல்ட் விடுங்க, பின்னாடி சின்ன வாஷர் இல்லாம 5 மி.மீ. பட்டைத் தகட்டுத் துண்டு வைச்சு நட்டுப் போடுங்க. ஓட்டை சட்டத்தின் அடியிலிருந்து 55, 60ல் வரட்டும், மேல் விளிம்புக்கு ரொம்ப நெருங்கினா மரம் பிளக்கும். நட்டை முடுக்கும்போது நிதானம், பூச்சு நொறுங்குற சத்தம் கேட்டா நிறுத்துங்க. லிண்டல் பக்கத்துக்கு, காங்கிரீட்டுக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற ஆங்கர் போல்ட் போதும், அதையும் அதே உயரத்துக்கு ஏத்திடுங்க.

கதவை இறக்க ரெண்டு பேர் வேணும். ஓட்டை போடும்போது டிராக் கீறலை டேப் ஒட்டி மூடிடுங்க. செங்கல் பொடி உள்ளே விழுந்தா புது ரோலரும் மூணு மாசத்தில் பாட்டுப் பாடும். எல்லாம் முடிஞ்சு நூல் ஒரு தடவை பிடிங்க, அப்புறம்தான் கதவு.


ஜன்னலோரம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் முடிச்சோம். தள்ளிப்போட்டது அலமாரியை நகர்த்துறதுக்குப் பயந்துதான், கதவு வேலை அரை நாள். இப்போ நூல் எல்லா இடத்திலும் 5, ஒரே ஒரு இடத்தில் நாலரை. கதவு விட்ட இடத்தில் நிற்குது. முதல் அஞ்சு நிமிஷம் சும்மா தள்ளித் தள்ளி விளையாடினேன். பொண்ணு இப்போ கதவை மூடிக்கிட்டு உள்ளே இருக்கா. படிக்கிறாளா தெரியலை, சத்தம் வரலை.

ஒரு சின்ன விஷயம். மூடும்போது கதவோட முன்பக்கம் நிலையைத் தொடுது, மேலே மட்டும். கீழே 3 மி.மீ. இடைவெளி இருக்கு.


இழைப்புளி எழுதியது:

நாலரை போகட்டும், விடுங்க.

மேலே தொட்டு கீழே விடுதுன்னா கதவு முன்பக்கமா லேசா தலை குனிஞ்சு நிற்குது. முன்ரோலர் போல்ட்டில் ரெண்டு நட்டு இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கதவு ஏறுற பக்கமா போல்ட்டை அரைச் சுத்து திருப்பிப் பாருங்க. 10 மி.மீ. போல்ட்டுக்கு மறை இடைவெளி, அதாவது ஒரு சுத்துக்கு ஏறுற அளவு, ஒன்றரை மி.மீ., அரைச் சுத்துக்கு முக்கால் மி.மீ. ஏறும். கதவு அகலத்தைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல உயரம்கிறதால இங்கே முக்கால் ஏறினா நிலைப்பக்கம் ஒன்றரைக்கு மேலேயே மாறும். ஒரு முழுச் சுத்துக்குள் சரியாயிடும். அப்புறம் பூட்டு நட்டை நல்லா இறுக்குங்க, ஒரு மாசம் கழிச்சு ஏணி போட்டு இன்னொரு தடவை தொட்டுப் பாருங்க.