சங்கீத சபையில் இருந்தவர்களைத் தேடுகிறேன்: உறவுகளின் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கொடுமுடி என்றாலே 1908-இல் அங்கு பிறந்த கே.பி.சுந்தராம்பாள் அம்மையார்தான் நினைவுக்கு வருகிறார்; ஆனால் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்து, காவிரிக்கரை ஊர்களில் சபை கூட்டி, பகலெல்லாம் மஞ்சள் மண்டியிலும் தறியிலும் உழைத்துவிட்டு இரவில் பாடியவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) அப்படியொரு சபையில் ஆர்மோனியம் வாசித்தவர். சென்ற மாதம் அவருடைய மரப்பெட்டியைத் திறந்தபோது, துருத்தித் தோல் வெடித்துப்போன அந்த ஆர்மோனியத்துக்கு அடியில் ஒரு நிழற்படம் கிடைத்தது. பதினொரு பேர் இரண்டு வரிசையாக இருக்கிறார்கள். பின்புறம் ‘பங்குனி உத்திரம், 1956’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அப்புச்சியையும், மடியில் மிருதங்கம் வைத்திருக்கும் அவருடைய பங்காளியையும் தவிர வேறு எவரையும் எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) அடையாளம் தெரியவில்லை.

ஊஞ்சலூர், சிவகிரி, கரூர் பக்கத்து உறவுகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, பழைய பாட்டு நோட்டோ, கச்சேரி நோட்டீசோ, ஒலிநாடாவோ இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படமெடுத்து அனுப்பினால் போதும். முன்வரிசையில் கையில் ஜால்ராவோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். இன்று எண்பதை ஒட்டியிருக்கும் அவரைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறேன்.