புது வீட்டுக்கு நெட் போடப் போகிறீர்களா? முதலில் முகவரியைப் பாருங்கள்

வெளிநாடு வந்து, வீடு பிடித்து, சாவி கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது "எந்தக் கம்பெனி நெட் நல்லது?" என்றுதான். அதைவிட, உங்கள் முகவரிக்கு எந்த வகை லைன் வருகிறது என்று கேளுங்கள். ஒரே தெருவில் ஒரு கட்டடத்துக்கு ஃபைபர் (ஒளி வழியாக டேட்டா போகும் கண்ணாடி இழை) இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் பழைய டெலிபோன் கம்பிதான் இருக்கும். கம்பெனியின் தளத்தில் ஃபிளாட் எண்ணோடு முழு முகவரியைப் போட்டுப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்தால் இன்னும் நல்லது.

ஃபைபர் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கேபிள் டிவி லைனில் வரும் இணைப்பை அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்துதான் பயன்படுத்துகின்றன. எல்லோரும் வேலை முடிந்து டிவி முன் உட்காரும் நேரத்தில் வேகம் இறங்கலாம். டெலிபோன் கம்பியில் வரும் டிஎஸ்எல்லில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தள்ளிப் போகப் போக வேகம் குறையும். பெரிய பிளானுக்குப் பணம் கட்டினாலும் அந்தக் கம்பி தாங்குவதுதான் கிடைக்கும்.

அடுத்தது வேகம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் இல்லை. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். 1 ஜிபி ஃபைல் இறங்க 80 நொடி ஆனால் கம்பெனியோடு சண்டைக்குப் போகாதீர்கள், கணக்கு சரிதான். நெட்ஃபிளிக்ஸ், மிகத் துல்லியமான 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 தாராளம். 1000 எம்பிபிஎஸ் பிளானைத் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள். பெரிய ஃபைல்களோடு தினமும் மல்லுக்கட்டும் வேலை இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது டவுன்லோடு வேகம். அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கேபிளிலும் டிஎஸ்எல்லிலும் அது பெரும்பாலும் பல மடங்கு குறைவு. வீடியோ காலில் அம்மாவின் முகம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிய, உங்கள் முகம் மட்டும் அவர்களுக்குக் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால், முதலில் அப்லோடைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேச்சு கொஞ்சம் பிந்தி வருவது வேறு கதை. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்பவே 100 மில்லிசெகண்ட். எந்தப் பிளானும் அதைக் குறைக்காது.

சில நாடுகளில் வீட்டு நெட்டுக்கும் மாத டேட்டா வரம்பு உண்டு. 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, பெரிதாகத் தெரியும். ஆனால் 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை எடுக்கும். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து தினமும் ஐந்து மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு 1,050 ஜிபி. வரம்பைத் தாண்டினால் கூடுதல் பணமா, வேகம் மட்டும் குறையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைக்கும் "நியாயமான பயன்பாட்டு விதி" ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விசா இன்னும் உறுதியாகாதவர்கள், வீடு மாறக்கூடியவர்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் விலை கூடினாலும் மாதாமாதம் புதுப்பிக்கும் பிளான் எடுங்கள். ஒப்பந்தம்தான் என்றால், சலுகை முடிந்தபின் விலை என்ன, பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இல்லை என்று டெபாசிட் கேட்பதும் உண்டு.

லைன் வந்ததும் லேப்டாப்பை நெட்வொர்க் கேபிள் வழியாக நேரே ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். அங்கே சரியாக வந்து, படுக்கையறையில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரமாக வையுங்கள். அந்தக் கேபிளில் செருகியும் வேகம் வரவில்லை என்றால், அது ராத்திரியில் மட்டும் குறைந்தாலும் சரி, ஸ்பீடு டெஸ்ட் முடிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள். ரத்து செய்யும் அவகாசம் இருந்தால் அதற்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.