25 ஆண்டு கழித்துப் பள்ளித் தோழர்கள் சந்திப்பு: ஆட்களைத் தேடுவது, வரவைப்பது, பேசவைப்பது எப்படி?

மூன்றாம்வரிசை கேட்டது:

பள்ளி முடித்து 25 ஆண்டு ஆகிறது. எங்கள் பேட்ச்சில் மூன்று பிரிவு, ஏறக்குறைய 130 பேர். அதில் 45 பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் சந்திப்பு வைப்பதாக முடிவு. பொறுப்பு நான்கு பேரிடம்.

மீதிப் பேரை எப்படித் தேடுவது? குழுவில் இருந்தும் வாயே திறக்காதவர்களை எப்படி வரவைப்பது? வந்தபிறகு அவரவர் பழைய கூட்டாளிகளோடு மட்டும் உட்கார்ந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? இதுபோல நடத்திப் பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வருகைப்பதிவு:

தேடுவதற்கு முன்னால் பட்டியலை முடியுங்கள். 130 பேரும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் வரணும். பள்ளியில் இருந்த பெயர், இப்போதைய பெயர், பிரிவு, எந்த வகுப்புவரை கூடப் படித்தார், யாரோடு நெருக்கம், இப்போது அவரைத் தேடுவது யார், எந்த நிலையில் இருக்கிறது. இதில் "தேடுவது யார்" என்ற கட்டம்தான் உயிர். அது இல்லாவிட்டால் ஒருவரையே மூன்று பேர் தேடுவார்கள், இன்னொருவரை யாருமே தேடமாட்டார்கள்.

கடைசி ஆண்டு குரூப் போட்டோவை மட்டும் வைத்துப் பட்டியல் போடாதீர்கள். நடுவில் பள்ளி மாறியவர்கள், ஓராண்டு தவறியவர்கள், படமெடுத்த அன்று வராதவர்கள் எல்லாம் விடுபட்டுப்போவார்கள். முந்தைய இரண்டு ஆண்டுப் படங்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். பள்ளி அலுவலகத்தில் பதிவேடு இருந்தாலும் முகவரி கேட்காதீர்கள். பெயர்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்; நீங்கள் எழுதும் கடிதத்தை அவர்களிடம் உள்ள முகவரிக்கு அவர்களே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

ஃபேஸ்புக்கில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஒரே பெயரில் எண்ணற்றவர்கள் வருவார்கள். ஏற்கெனவே கிடைத்தவரின் நண்பர் பட்டியலுக்குள் போய்த் தேடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களை எட்ட, அவர்களுடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பெயர்தான் நல்ல வழி. இன்னொன்று: நட்பில் இல்லாதவருக்கு அங்கே அனுப்பும் செய்தி பெரும்பாலும் "செய்திக் கோரிக்கை" பகுதிக்குப் போய்விடும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பதில் வரவில்லை என்பதை மறுப்பாகக் கணக்கில் எழுதாதீர்கள். தெரிந்தவர் மூலம் வேறு வழியில் ஒருமுறை முயலுங்கள்.

கிடைத்த எண்ணைக் குழுவில் போடக்கூடாது, கேட்காமல் குழுவில் சேர்க்கவும் கூடாது. சேர்த்த நொடியில் அவர் எண் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். முதலில் தனியாகப் பேசி, விருப்பம் சொன்னபின் இணைப்பை அனுப்புங்கள்.

முதல்மணி:

இரண்டாவது கேள்விக்கு. குழுவில் பொதுவாகப் போடும் அழைப்பைத் தனக்கு வந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தனிச்செய்திதான் ஆளைக் கொண்டுவரும். அனுப்பத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். 2022-ல் பெக்கி லியுவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராமல் நலம் விசாரித்து வரும் செய்தியைப் பெறுபவர், அனுப்பியவர் நினைத்ததைவிட அதிகமாக மகிழ்கிறார் என்று தெரிந்தது. 2024-ல் லாரா ஆக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் ஆய்வில், தொடர்பு எண்ணும் ஆசையும் இருந்தும் பழைய நண்பருக்குச் செய்தி அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் வேலையாகப் பிரித்துக் கொடுங்கள். குழுவில் சுறுசுறுப்பாக இருக்கும் பதினைந்து பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஐந்து அல்லது ஆறு பெயர். பள்ளியில் அவரோடு ஓரளவாவது பேசியவர்தான் அனுப்பணும்.

செய்தியில் மூன்று விஷயம் போதும்: நான் யார் (பிரிவு, எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்), அவரைப் பற்றிய ஒரு குறிப்பான நினைவு, தேதியும் எப்போதுக்குள் சொல்லணும் என்பதும். "என்னை ஞாபகம் இருக்கா, யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று தொடங்கவே கூடாது. ஞாபகம் வராதவர் கூச்சப்பட்டுப் பதிலே போடமாட்டார்.

வராமல் இருப்பவர்களில் பலருக்கு நேரம் காரணமல்ல, தன்னை அளப்பார்களோ என்ற அச்சம்தான். வேலை, வருமானம், மணவாழ்க்கை, குழந்தை, உடம்பு, தலைமுடி. பதிவுப் படிவத்தில் இவற்றில் எதையும் கேட்காதீர்கள். பெயர், வருகிறாரா, நடக்கவோ படியேறவோ உதவி வேண்டுமா, அவ்வளவு போதும். பணம் கட்டச் சிரமப்படுபவருக்காக, விரும்பியவர் கூடுதலாகத் தரட்டும். யார் தந்தது, யார் தரவில்லை என்பது கணக்குப் பார்ப்பவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தேதியை ஆறு மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள். எட்டு வாரம் முன்பு உறுதி கேளுங்கள், பத்து நாள் முன்பு தலைக்கணக்கு. அதற்குப்பின்னும் சிலர் மாறுவார்கள், அதற்கு இடம் விட்டுவையுங்கள்.

பழையபடம்:

பெயர் அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு நாளின் பாதி சங்கடத்தைத் தீர்ப்பது அதுதான்.

1975-ல் உளவியலாளர் ஹாரி பாரிக்கும் உடன் இருவரும், பள்ளி முடித்த 392 பேரிடம் ஆண்டு மலர்ப் படங்களை வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு கடந்தவர்கள்கூட பத்து முகத்தில் ஒன்பதை அடையாளம் கண்டார்கள். ஆனால் எந்தத் துணையும் இல்லாமல் பெயரை நினைவுகூரச் சொன்னபோது மிகவும் தடுமாறினார்கள். கவனியுங்கள், அவர்கள் அடையாளம் கண்டது அன்றைய முகத்தை. எதிரே நிற்பது இன்றைய முகம். அதனால் அட்டையில் அன்றைய படம் இருக்கணும். படத்தைப் பார்த்த கணமே ஆள் பிடிபட்டுவிடுவார்.

குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டுகையில்தான் தவறு நடக்கிறது. அதில் ஒரு முகம் 8 மி.மீ. அளவு என்று வையுங்கள். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 189 பிக்சல் கிடைக்கும்; 300 டிபிஐ-யில் அச்சிட்டால் 16 மி.மீ.தான் வரும். 1200-ல் ஸ்கேன் செய்தால் 378 பிக்சல், 32 மி.மீ. அட்டைக்கு அது சரியான அளவு. போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருக்கப்பட்டிருக்கும், பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். பழைய படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேற்பூச்சு உரிந்துவரும்; கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

அட்டை 10 × 8 செ.மீ. பள்ளியில் கூப்பிட்ட பெயர் 1.5 செ.மீ. உயரத்துக்குக் குறையாத எழுத்தில், மாறிய பெயர் அடியில் சின்னதாக. இப்போதைய பதவி வேண்டாம். கழுத்தில் தொங்கும் அட்டை திரும்பிக்கொள்ளும் என்பதால் இருபக்கமும் அச்சிடுங்கள். சொல்லாமல் வருபவர்களுக்கு வெற்று அட்டையும் தடித்த பேனாவும் நுழைவில் இருக்கட்டும்.

நீண்டவராந்தா:

மூன்றாவது கேள்வி. முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்கிறேன்: ஒவ்வொருவராக மைக் பிடிக்கும் அறிமுகம். 70 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றாலே 140 நிமிடம். நடைமுறையில் யாரும் 2 நிமிடத்தில் நிறுத்துவதில்லை. வேலையும் ஊரும் பிள்ளைகளும் வரிசையாக அறிவிக்கப்படும். மேலே சொன்ன அந்த அளவெடுப்பு மேடையிலேயே நடந்துவிடும்.

காலை 10 முதல் மாலை 4 வரை என்றால் மேடை நிகழ்ச்சி மொத்தமும் ஒரு மணிநேரத்துக்குள் அடங்கட்டும். முதல் முக்கால் மணிநேரம் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம், நாற்காலியும் குறைவாகப் போடுங்கள். நின்றால் ஆள் நகர்வார், உட்கார்ந்தால் அங்கேயே தங்கிவிடுவார். பிறகு எட்டுப் பேர் வட்டம். சீட்டுக் குலுக்கி மூன்று பிரிவும் கலந்துவரும்படி பிரியுங்கள். 25 நிமிடம், மறுபடி கலைத்து இன்னொரு 25. மேசையில் ஒரு தாளில் இரண்டு கேள்வி போதும்: எந்தப் பாடவேளை இன்னும் நினைவில் நிற்கிறது? பள்ளியில் யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டீர்கள்? இரண்டு சுற்று போதும். அதற்குமேல் கலைத்தால் நெருங்கிய நண்பர்களிடமிருந்து பிரித்த மாதிரி ஆகிவிடும். அவர்களோடு உட்காரவும்தானே வந்திருக்கிறார்கள்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம். சத்தம் கூடினால் பேசுபவர் தன்னறியாமல் குரலை உயர்த்துவார். லொம்பார்ட் விளைவு என்பார்கள், 1911-லேயே பதிவானது. பக்கத்து வட்டம் அதைவிட உயர்த்தும். ஒரு மணிநேரத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும், காது மந்தமானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

குரூப் போட்டோ சாப்பாட்டுக்கு முன்பே. சாப்பிட்டதும் சிலர் கிளம்பிவிடுவார்கள். எடுத்த கையோடு வரிசைப்படி பெயர்களை எழுதிவைக்க ஒருவரை நிறுத்துங்கள்.

மூன்றாம்வரிசை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அறிமுகச் சுற்றை எடுத்துவிடுகிறோம். இன்னும் இரண்டு விஷயம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மூவர் இறந்துவிட்டதாகக் கேள்வி. இன்னொருவர் பள்ளியில் பட்டப்பெயரால் ரொம்பவும் நோகடிக்கப்பட்டவர்.

முதல்மணி:

இறந்ததாக வரும் செய்தியைக் குழுவில் போடுவதற்கு முன் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பேரிடம் உறுதி செய்யுங்கள். பெயர் குழப்பத்தால் உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி எழுதிய கொடுமை நடப்பதுண்டு. பிறகு குடும்பத்தில் ஒருவரிடம் பேசி, படம் வைக்கலாமா என்று கேளுங்கள். அஞ்சலியை நாளின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். இறுதியில் வைத்தால் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவதில் அழைப்பு வேறு, மன்னிப்பு வேறு. அழைப்பை அவரோடு நல்லபடி பழகிய ஒருவர் அனுப்பட்டும். நோகடித்தவர்கள் மன்னிப்புக் கேட்க நினைத்தால் தனியாக, "அவசியம் வரணும்" என்ற வரி இல்லாமல் கேட்கட்டும். அந்தப் பட்டப்பெயர் அட்டை, மேடை, குழு எதிலும் வரக்கூடாது என்று தொகுத்து வழங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்காதீர்கள், இரண்டாம் ஆளை அனுப்பி வற்புறுத்தவும் வேண்டாம்.

வருகைப்பதிவு:

விடுபட்ட ஒன்று. சந்திப்பு நாள்வரை கிடைக்காதவர்களின் பெயரையும் பிரிவையும் மட்டும் பெரிய தாளில் எழுதி நுழைவில் ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். எழுபது பேர் கூடும் இடத்தில் யாருக்காவது ஒரு நூல்முனை தெரிந்திருக்கும். தெரிந்த எண்ணைத் தாளில் எழுதவைக்காமல் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். கிடைத்தவருக்கு சந்திப்பில் எடுத்த படத்தோடு அந்த வாரத்திலேயே தனிச்செய்தி போகணும்.