மலேரியா தடுப்பு, வளரிளம் பெண்களின் மாதவிடாய் நலம்: ஆய்வுக் கேள்வித்தாளுக்கு உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். மலேரியா பரவும் பகுதிகளில் வாழும் 12 முதல் 17 வயது வரையிலான பெண்களின் இரத்தசோகை குறித்து ஓர் ஆய்வைத் திட்டமிட்டு வருகிறோம். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. மிகுந்த உதிரப்போக்கோ உடலின் இரும்புச்சத்தைக் கரைக்கிறது. எனவே கொசுவலைப் பயன்பாட்டையும் மாதவிடாய் நலத்தையும் ஒரே கேள்வித்தாளில் விசாரிக்க எண்ணுகிறோம்.

முதல் சிக்கல், உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் பரிசோதனை. தொற்று இருக்கும்போது அதன் அளவு உயர்ந்துவிடுவதால், உண்மையில் இரும்புச்சத்து குறைந்த பெண்ணும் பரிசோதனை அறிக்கையில் நலமாகவே தெரியக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இவ்வயதினருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றிருக்கும் வரம்பைத் தொற்றோ அழற்சியோ உள்ளபோது 70 என உயர்த்துகிறது. அதையே பின்பற்றுவதா, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் அளந்து அதற்கேற்ப ஃபெரிட்டின் கணக்கைத் திருத்துவதா என்பதைக் களத்தில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்று.

இதைவிடக் கடினமானது கேள்விகளை அமைப்பது. "உதிரப்போக்கு அதிகமா?" என்று கேட்டால், "சாதாரணம்தான்" என்ற பதிலே வரக்கூடும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பெண்ணிடம் வேறு அளவுகோல் ஏது? ஆகவே நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாள், இரவில் எழுந்து மாற்ற நேர்கிறதா, இரத்தக் கட்டிகள் வெளிப்படுகின்றனவா என்று கேட்க நினைக்கிறோம். துணி பயன்படுத்துவோருக்கும் பொருந்துமாறு சோதித்துப் பார்த்த தமிழ்க் கேள்வித்தாள் யாரிடமேனும் இருந்தால் பகிர வேண்டுகிறேன். பெற்றோரின் ஒப்புதலைப் பெற்ற பிறகு, அவர்கள் மனம் கோணாமல் அப்பெண்ணிடம் தனியாகப் பேசும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்கலாம்.