சீசன் வேலை அனுபவத்தை சீவியில் (CV, சுயவிவரத்தில்) எப்படிப் போடுவது?

ஹோட்டல்களுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

நான் திருகோணமலை. 2022 முதல் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் ரிசெப்ஷன் வேலை. இங்கே சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான், மழை தொடங்கியதும் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள், அடுத்த சீசனுக்கு வேறு ஹோட்டல் கூப்பிடும். ஒரு வருடம் மட்டும் ஹிக்கடுவைக்குப் போனேன், தெற்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன் என்பதால் இடைவெளி இல்லாமல் ஓடியது.

இப்போது கொழும்பில் வருடம் முழுக்க இருக்கிற வேலை தேடுகிறேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள், ஆங்கிலம் பிரச்சினை இல்லை, சிங்களமும் சமாளிப்பேன். ஆனால் சீவியைப் பார்த்ததும் "ஏன் ஒரு இடத்திலும் நிலைக்கவில்லை?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. கிழக்கில் சீசன் எப்போது என்று ஹோட்டல்காரர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல். விளக்கினால் தலையாட்டுவார்கள், அப்புறம் பதிலே வராது.

மாதங்களை எடுத்துவிட்டு வருடம் மட்டும் போட்டேன், மாதத்தைக் கேட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'சீசன் ஒப்பந்தம்' என்று எழுதினேன், சேவைக் கடிதங்களையும் இணைத்தேன். ஒரு இடத்தில் மட்டும் கடிதமும் தரவில்லை, ஈபிஎஃப்பும் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை, அதற்கு ஆதாரமாகச் சம்பளம் வந்த வங்கிக் கூற்று மட்டும் இருக்கிறது.

இந்த வேலைகளையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் சேர்த்து எழுதுவதா, இல்லை இப்போது போலத் தனித்தனியாகவே விடுவதா?