உதவி: 412 படங்கள் ஏற்றினேன், 131 பேருக்குத்தான் பொருந்தியது

தும்பி | இரவு 9.12
வணக்கம். அவசரம், காலைக்குள் முடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டைப் படம் ஏற்றுகிறேன். 412 படங்களையும் ஒரே ஜிப்பாகப் போட்டேன். 131 பொருந்தின, 281 படங்களுக்கு ஆள் இல்லை என்று வருகிறது. எப்படி ஆள் இல்லாமல் போகும்? எல்லோரும் பட்டியலில் இருக்கிறார்கள், எண்களும் சரியாகத்தான் இருக்கின்றன. மூன்று முறை ஏற்றிவிட்டேன், மூன்று முறையும் அதே 131. என்ன செய்வது?

வடக்குவாசல் | இரவு 9.20
என்ன மென்பொருள்? படத்தையும் ஆளையும் எதை வைத்துப் பொருத்துகிறது, பெயரா எண்ணா? ஃபைல் பெயர் ஒன்றிரண்டை அப்படியே இங்கே போடுங்கள். இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

மின்னல்கொடி | இரவு 9.24
சர்வர் வரம்பாக இருக்கும். பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடும் தளம் என்றால், அமைப்பை மாற்றாதவரை ஒரு ஃபைல் 2 எம்பி, மொத்த அனுப்பல் 8 எம்பி, ஒரே நேரத்தில் 20 ஃபைல். அதற்கு மேல் போனால் சத்தமில்லாமல் விட்டுவிடும். நாற்பது நாற்பதாகப் பிரித்து ஏற்றுங்கள்.

வடக்குவாசல் | இரவு 9.27
@மின்னல்கொடி 20 என்பது தனித்தனியாக அனுப்பும் ஃபைல்களுக்கு. இவர் அனுப்புவது ஒரே ஜிப். வரம்பில் சிக்கியிருந்தால் ஜிப்பே ஏறியிருக்காது. 131 + 281 = 412. எல்லாப் படத்தையும் அது பார்த்துவிட்டது, ஆளைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

ஆலமரம் | இரவு 9.31
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. மொத்தமாக ஏற்றும் வேலை தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது. முதலில் ஐந்து படத்தை வைத்துச் சோதித்துவிட்டு அப்புறம் 412க்குப் போக வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் இறங்கினால் இப்படித்தான் ஆகும். ஜிப்புக்குள் ஃபோல்டர் இருக்கும், படங்களை வெளியே எடுத்துப் போடுங்கள். மேக்கில் ஜிப் செய்திருந்தால் கூடவே ஒரு வேண்டாத ஃபோல்டரும் சேர்ந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

மெய்யெழுத்து | இரவு 9.38
தமிழில் பெயர் எழுதியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், எழுத்துகளுக்குக் கணினியில் குறியீடு தரும் யூனிகோடுதான். ‘கொ’ என்பதில் உள்ள துணையெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் இரண்டு தனிக் குறியீடுகளாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. பட்டியலில் ஒரு விதம், ஃபைல் பெயரில் இன்னொரு விதம் என்றால் ‘கோமதி’க்கும் ‘பொன்னி’க்கும் படம் ஏறாது, ‘மாலதி’க்கு மட்டும் ஏறும். இதற்காவது இயல்பாக்கம் என்று ஒரு வழி உண்டு, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான் வரும். இயல்பாக்கமும் இந்த இரண்டைச் சேர்த்து வைக்காது. இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

தும்பி | இரவு 9.41
பெயர் இல்லை, எண்தான். முதலிலேயே சொன்னேனே. ஜிப்புக்குள் ஃபோல்டர் இல்லை.

வடக்குவாசல் | இரவு 9.43
எண்கள் சரி என்று சொன்னீர்கள், எண்ணை வைத்துத்தான் பொருத்துகிறது என்று சொல்லவில்லை. பரவாயில்லை. ஏறிய படங்களில் ஐந்து, ஏறாததில் ஐந்து, ஃபைல் பெயரைக் காப்பி செய்து போடுங்கள். நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

கடல்நுரை | இரவு 9.50
இவ்வளவு சிரமம் எதற்கு? முகத்தை அடையாளம் காணும் கருவிகள் எவ்வளவோ வந்துவிட்டன. 412 படங்களையும் கொடுத்தால் யார் எவர் என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். எண்ணும் வேண்டாம், ஃபைல் பெயரும் வேண்டாம்.

மின்னல்கொடி | இரவு 9.53
ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு படம் இருக்க வேண்டுமே. அது இல்லாததால்தானே இவர் ஏற்றுகிறார்?

கடல்நுரை | இரவு 9.55
பழைய படம் இருக்கும். அட்டை புதுப்பிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

மெய்யெழுத்து | இரவு 10.02
இருந்தாலும் செய்யக்கூடாது. அட்டைக்காக என்று சொல்லி எடுத்த படம் அது. அந்த 412 பேரும் தங்கள் முகத்தை ஏதோ ஒரு இணையக் கருவி அளந்து வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காண்பதற்காக எடுக்கும் முக அளவுகளை அதன் 9ஆம் பிரிவு தனி வகையாக வைத்து, வெளிப்படையான சம்மதம் போன்ற சில நிலைகளில்தான் அனுமதிக்கிறது. அந்தச் சட்டம் பொருந்தாத இடத்திலும் நியாயம் அதேதான்.

கடல்நுரை | இரவு 10.06
கணினியிலேயே ஓடும் கருவிகளும் உண்டு, படம் வெளியே போகாது. எல்லாவற்றுக்கும் சட்டம் பேசினால் ஒரு வேலையும் நடக்காது.

மெய்யெழுத்து | இரவு 10.10
படம் வெளியே போகிறதா என்பது ஒரு கேள்வி, அவர்களிடம் கேட்டோமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும்தான் நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

தும்பி | இரவு 10.14
ஏறியவை: 100017, 100022, 110003, 110045, 110101
ஏறாதவை: 80214, 80215, 90007, 90131, 90140
எல்லாம் ஜேபிஜி.

வடக்குவாசல் | இரவு 10.17
அகப்பட்டுவிட்டது. ஏறியவை எல்லாம் ஆறு இலக்கம், ஏறாதவை எல்லாம் ஐந்து. பட்டியலில் அவர்கள் எண் 080214, 090007 என்று பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா?

ஃபைல்களுக்கு எப்படிப் பெயர் வைத்தீர்கள்? எக்செல்லில் ஒரு பத்தியில் கேமரா பெயர், பக்கத்தில் எண் என்று போட்டு, அதை வைத்து மொத்தமாக மாற்றினீர்களா? பட்டியலின் சிஎஸ்வியை, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரை ஃபைலை, இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் அந்தப் பத்தியை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிடும். 080214 அங்கேயே 80214 ஆகிவிடும்.

ஆலமரம் | இரவு 10.21
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். செல் ஃபார்மேட்டை ஆறு பூஜ்ஜியமாக மாற்றினால் போதும், முடிந்தது.

வடக்குவாசல் | இரவு 10.26
போதாது, ஐயா. ஃபார்மேட் மாற்றினால் பார்க்கிற கண்ணுக்குத்தான் பூஜ்ஜியம் தெரியும், உள்ளே இருப்பது 80214தான். பெயர் மாற்றும் கருவி அந்த ஷீட்டை நேரடியாகப் படித்தால் 80214 என்றே எடுக்கும். சிஎஸ்வியாகச் சேமித்தால் பூஜ்ஜியம் வரும், ஆனால் அதே ஃபைலை மறுபடி இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தால் திரும்பவும் போய்விடும்.

தும்பி, டேட்டா மெனுவில் போய் சிஎஸ்வியை இறக்குமதி செய்யுங்கள். அந்தப் பத்தியை எண் வேண்டாம், உரை என்று தேர்ந்தெடுங்கள். நேரம் இல்லை என்றால் ஐந்து இலக்கப் பெயர் உள்ள படங்களை மட்டும் தனி ஃபோல்டருக்கு எடுத்து, முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். அசல் ஃபோல்டரைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

தும்பி | இரவு 10.58
ஆமாம், பட்டியலில் பூஜ்ஜியம் இருக்கிறது. இப்போது 403 ஏறிவிட்டது!! 9 மட்டும் பாக்கி.

மின்னல்கொடி | இரவு 11.05
அந்த 9இல் சிலது ஐபோனில் எடுத்ததா? 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அதில் ஹெச்இஐசி என்ற வேறு பட வடிவம் உண்டு. ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் படம் ஜேபிஜி ஆகாது. உண்மையான ஜேபிஜியின் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 255, 216. பல மென்பொருள்கள் அதைத்தான் பார்க்கும். படத்தைத் திறந்து ஜேபிஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். இன்னொன்று, விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைல் பெயரின் கடைசியில் வரும் வடிவக் குறியை, மறைத்து வைக்கும். அது தெரியாமல் கையால் ஜேபிஜி என்று சேர்த்திருந்தால் ஃபைல் பெயரில் அது இரண்டு முறை இருக்கும்.

நடைவண்டி | இரவு 11.19
தாமதமாக வருகிறேன், மன்னியுங்கள். 403 ஏறியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏறிய படம் அந்த ஆளுடையதுதானா என்று யாராவது பார்த்தீர்களா?

எண்ணும் கேமரா பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது என்றால், எடுத்த வரிசையும் பட்டியல் வரிசையும் ஒன்று என்று நம்பித்தான் ஒட்டியிருப்பீர்கள். அன்றைக்கு ஒருவர் வரவில்லை, அல்லது ஒருவருக்குக் கண் மூடிவிட்டதால் இரண்டு முறை எடுத்தார்கள் என்றால், அந்த இடத்திலிருந்து எல்லோருக்கும் வேறொருவர் முகம் வரும். மென்பொருள் ஒரு பிழையும் காட்டாது. அதற்கு எண் பொருந்தினால் போதும். படம் இல்லாதவர் வந்து கேட்பார், திருத்திவிடலாம். அடுத்தவர் முகத்தோடு அச்சடித்த அட்டையை என்ன செய்வது? எங்களுக்கு ஒரு முறை இப்படி ஆகி, ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பிழை எங்களுடையது, நின்றது அவர்.

பார்க்கும் வழி எளிது. ஒவ்வொரு குழுவிலும் முதல் ஆள், நடு ஆள், கடைசி ஆள் என்று மூன்று பேரை, அவர்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கடைசி ஆள் சரியாக இருந்தால் பெரும்பாலும் நகர்வு இல்லை. தவறாக இருந்தால் நடுவிலிருந்து பாதி பாதியாகத் தேடிப் போனால் எங்கே நழுவியது என்று தெரிந்துவிடும். வரிசையைச் சரிபார்க்க ஃபைல் பெயரை நம்பாதீர்கள், பெரும்பாலான கேமராக்களில் 9999க்கு அப்புறம் எண் மறுபடி 0001 ஆகிவிடும். படத்துக்குள் பதிவாகியிருக்கும் எடுத்த நேரத்தை வைத்து அடுக்குங்கள்.

கடல்நுரை | இரவு 11.27
இந்தச் சரிபார்ப்பைத்தான் முகக் கருவி செய்யும் என்றேன்.

மெய்யெழுத்து | இரவு 11.30
அவர்களைத் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். யாரிடமும் சம்மதம் வாங்க வேண்டியதில்லை.

ஆலமரம் | இரவு 11.34
அடுத்த முறை ஒவ்வொருவரும் தம் எண் எழுதிய தாளைப் பிடித்தபடி ஒரு படம், அப்புறம் அட்டைக்கான படம் என்று எடுக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வரிசையை நம்பவே தேவையில்லை.

நடைவண்டி | இரவு 11.36
நல்ல யோசனை. தாள் பிடித்த படங்களை ஜிப்பில் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தும்பி | காலை 6.48
பூஜ்ஜியம்தான். 9இல் 6 ஐபோன், 3 இரண்டு முறை ஜேபிஜி, எல்லாம் ஏறிவிட்டது. நடைவண்டி சொன்ன மாதிரி பார்த்தேன், 090131இலிருந்து 17 பேருக்கு அடுத்தவர் படம். அன்று ஒருவர் வரவில்லையாம். மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, ஓடுகிறேன்.

நடைவண்டி | காலை 7.15
மகிழ்ச்சி. வராத அந்த ஒருவருக்கு இப்போது யார் படம் இருக்கிறது? அதை நீக்கினீர்களா? புதுப் படம் ஏற்றும்போது பழையதை மாற்றி எழுதும் வசதி அணைந்திருந்தால், அந்த 17 பேருக்கும் தவறான படம் அப்படியே இருக்கும். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.

வடக்குவாசல் | பகல் 12.40
தும்பி, பார்த்தீர்களா?