புகார் குவிந்தால் முதலில் எந்த முறை? சிங்கப்பூரில் சாப்பாட்டுத் தொழில் செய்யும் மூவர் பேசிக்கொள்கிறார்கள்.

கேட்டரிங் கணக்கு:
“புகார் அதிகம்” என்று மட்டும் தெரியும்போது ‘ஐந்து ஏன்’ (ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்?’ என்று கேட்டு வேர்க்காரணம் தேடுவது) வேலைக்காகாது. முதலில் பரேட்டோ, அதாவது எந்த வகைப் புகார் அதிகம் என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது. நான்கு வார வாட்ஸ்அப் புகார்களை வகை பிரியுங்கள்: தாமதம், பொட்டலம் குறைவு, குழம்பு கொட்டியது, ஊசிப்போனது. எண்ணிக்கையில் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, பக்கத்தில் நஷ்டத்தை வெள்ளியில் (டாலரில்) எழுதுங்கள். இரண்டு வரிசையும் பெரும்பாலும் ஒத்துவராது. ஊசிப்போனதை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டாம். ஒன்று வந்தாலும் அதுதான் முதல் வேலை.

மத்தியச் சமையலறை:
அந்த ஊசிப்போன கேஸுக்குத்தான் ‘ஐந்து ஏன்’ பொருந்தும், அண்ணே. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ பழக்கிய முறை.

மதியச் சாப்பாடு ஏன் ஊசியது? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. ஏன்? காலைப் பசியாறலோடு சேர்த்து விடிகாலையிலேயே ஏற்றிவிட்டார்கள். ஏன்? மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு ஒரே நடை. ஏன்? இரண்டாம் நடைக்குப் பேசிய விலையில் இடமில்லை. ஏன்? கொட்டேஷனில் லாரிச் செலவைத் தனியாகக் காட்டவே இல்லை. சமையல்காரரை ஏசி என்ன பயன்?

ஒவ்வொரு பதிலுக்கும் சான்று வேண்டும்: தெர்மாமீட்டர் அளவு, லாரி கிளம்பிய நேரம். “டிரைவர் அசட்டை” என்று பதில் வந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். அந்த அசட்டைக்கு எந்த ஏற்பாடு இடம் கொடுத்தது என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேதான் கோப்பை மூடுகிறார்கள்.

கேட்டரிங் கணக்கு:
ஒரு ‘ஏன்’னுக்கு மூன்று பதில் வந்தால்? தாமதத்தில் அப்படித்தான் வரும்.

மத்தியச் சமையலறை:
அப்போது இஷிகாவாவின் மீன்முள் படம்: தலையில் பிரச்சினை, முள் ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் காரணம். ஆள், இயந்திரம், பொருள், செய்முறை, அளவீடு, சூழல் என ஆறு முள். டிரைவரும் பொட்டலம் கட்டுபவரும் கட்டாயம் உட்காரவேண்டும். மேலாளர்கள் மட்டும் போட்டால் ‘ஆள்’ முள்தான் நீளும். எழுதியதெல்லாம் சந்தேகம், காரணம் அல்ல. மூன்றைத் தேர்ந்து ஒரு வாரம் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள்.

சிராங்கூன் சாலைக் கடை:
புது மெனு போகுமா என்ற கேள்விக்கு இது எதுவும் உதவாது. நடக்காததற்குக் காரணம் தேட முடியாதே. சிறிய சோதனைதான்: ஒரு கிளை, ஒரே மாற்றம், இரண்டு வாரம். எத்தனை தட்டுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை முன்னாலேயே எழுதிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோடு மட்டும் ஒப்பிடுங்கள். தீபாவளி நெருங்கும் வாரங்களில் தொடங்கவே வேண்டாம், அப்போது எதை வைத்தாலும் விற்கும்.